ஒடிஓலையில் அளந்த உடம்பு

கும்பகோணத்தில் நாங்கள் உடம்பேற்றிய கூடத்தில் இரண்டு படங்கள் மாட்டியிருக்கும். ஒன்று சஞ்சீவி மலையைத் தூக்கிய ஆஞ்சநேயர். அது இல்லாத கூடம் எங்கள் ஊர்ப்பக்கம் கிடையாது. பக்கத்தில், அதே உயரத்தில், அதே அளவுச் சட்டத்தில் ஸ்டீவ் ரீவ்ஸ். ஏதோ ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து வெட்டியெடுத்த கறுப்பு வெள்ளைப் படம். சனிக்கிழமை ஆஞ்சநேயருக்குப் பூச் சாத்தும்போது, எங்களுக்குப் பயிற்சி தந்த மாஸ்டர், ரீவ்ஸ் படத்தின் கண்ணாடியையும் துணியால் துடைப்பார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பழைய நெல் குடோன் ஒன்றை வாடகைக்கு எடுத்து நடத்திய கூடம். லேத் பட்டறையில் சொல்லிச் செய்த பார்பெல்கள், சுவரோரம் சாத்திய கர்லாக்கட்டைகள், ஒரே ஒரு பெஞ்ச், தண்டால் எடுக்க மரக்கட்டைகள். நான் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தேன். வயதுக்கேற்ற ஆசைதான்: சட்டைக் கையை மடித்துவிட்டால் புயம் தெரிய வேண்டும். சேர்ந்த அன்று மாஸ்டரிடம் அதைத்தான் சொன்னேன். அவர் டேப்பை எடுத்துக் குனிந்து என் கெண்டைக்காலை அளந்தார். அப்புறம் கழுத்து. கை கடைசியில்தான். மூன்றையும் நோட்டில் ஒரே வரியில் எழுதிவிட்டு, "மூணும் ஒண்ணா வரணும் தம்பி. அதுவரைக்கும் கையை மட்டும் தனியா வளர்க்க விடமாட்டேன்" என்றார்.

இந்த விதி ரீவ்ஸுடையது. 1926இல் அமெரிக்காவில் பிறந்தவர். 1947இல் மிஸ்டர் அமெரிக்கா, 1950இல் லண்டனில் மிஸ்டர் யுனிவர்ஸ். 1958இல் இத்தாலியில் எடுத்த ஹெர்குலிஸ் படத்தில் நடித்து உலகம் பூராவும் தெரிந்த முகமானார். ஆறடி ஓர் அங்குல உயரமுள்ள அவருக்குக் கழுத்து, புயம், கெண்டைக்கால் மூன்றும் ஏறத்தாழ பதினெட்டரை அங்குலம் என்று மாஸ்டர் மனப்பாடமாகச் சொல்வார். அவருக்குப் பின் வந்தவர்கள் அதைவிடப் பெரிய கையோடு மேடை ஏறினார்கள். ஆனால் அந்த மூன்றும் ஒன்றாக நின்ற உடம்பு அவருடையது என்பதுதான் மாஸ்டரின் கட்சி.

கெண்டைக்கால் பிடிவாதம் பிடித்த சதை. பிறந்ததிலிருந்து நடந்து நடந்து வேலைக்குப் பழகிவிட்டதால் சாதாரணப் பாரத்துக்கு அது அசைந்து கொடுக்காது. மாஸ்டர் எங்களைச் சுவரைப் பிடித்துக் குனிந்து நிற்கச் சொல்வார். முன்பாதம் மட்டும் கட்டை மேல் இருக்கும், குதிகால் அந்தரத்தில். இன்னொருவன் இடுப்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வான். குதிகாலை முழுக்க இறக்கி, ஒரு நொடி நிறுத்தி, நுனிவிரலில் நிற்கும்வரை ஏற்ற வேண்டும். கணுக்காலுக்கு மேல் தீப்பிடித்தாற்போல எரியும். "எரியுதா? அங்கதான் வளருது" என்பார். கைக்கு இரண்டு செட்டுக் கொடுத்தால் காலுக்கு நாலு கொடுப்பார். பாதிப் பேர் இதற்குப் பயந்தே வேறு கூடத்துக்கு ஓடினார்கள்.

எங்களோடு சுவாமிமலைக்காரன் ஒருவன் பயிற்சி செய்தான். ஸ்தபதி வீட்டுப் பிள்ளை. பகலெல்லாம் பட்டறையில் மெழுகு பிடித்துவிட்டுச் சாயங்காலம் சைக்கிளில் வருவான். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அவன் கையில் குங்கிலிய வாசனை போகாது. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவையில்தான் அவர்கள் முதலில் உருவம் பிடிப்பார்கள். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, காயவைத்து, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் எங்களைப் பட்டறைக்குக் கூட்டிப் போனான்.

அவன் அப்பா ஒரு மெழுகு உருவத்தின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்கேல் இல்லை, டேப் இல்லை. கையில் பச்சைத் தென்னங்கீற்று ஒன்று. ஈர்க்கை உருவி எறிந்துவிட்டு, செய்யப்போகும் சிலையின் உயரத்துக்கு அந்த ஓலையை நறுக்கினார். பிறகு மடித்தார். மடித்த இடத்தை நகத்தால் அழுத்திவிட்டு விரித்தால் ஓலையில் மெல்லிய கோடு விழுந்திருந்தது. அந்தக் கோடுகள்தான் அளவு. இதற்கு ஒடிஓலை என்று பெயர். முகம் எங்கே முடிகிறது, மார்பு எங்கே, உந்தி எங்கே, முழங்கால் எங்கே என்று எல்லாமே அந்த மடிப்புகளில் இருக்கிறது. ஒரு சிலைக்கு ஒரு ஓலை. வேறு உயரத்துச் சிலைக்கு வேறு ஓலை.

எங்கள் உடம்பைப் பார்த்ததும் அவருக்கே ஒரு ஆர்வம் வந்துவிட்டது. "சட்டையைக் கழட்டிட்டு நில்லு தம்பி" என்று என்னைத்தான் கூப்பிட்டார். ஒரு கீற்று மனித உயரத்துக்குப் போதாது. இரண்டை முடிந்து என் உச்சியிலிருந்து தரைவரை பிடித்து நறுக்கினார். அதை மூன்றாய் மடித்தார். மறுபடி மூன்றாய் மடித்தார். விரித்தபோது ஒன்பது பாகம். ஒன்பது தாலம். தாலம் ஒன்றுக்குப் பன்னிரண்டு அங்குலமாக மொத்தம் 108 அங்குலம். இந்த அங்குலம் கடைகளில் விற்கும் ஸ்கேலின் அங்குலம் கிடையாது. என் உயரத்தை 108ஆல் வகுத்தால் வருவது எனக்கான அங்குலம். பக்கத்தில் நிற்பவனுக்கு அவனுடையது. தேகாங்குலம் என்பார்கள்.

ஓலையை என் மேல் வைத்துக்கொண்டே கணக்குச் சொன்னார். முடி தொடங்கும் இடத்திலிருந்து மோவாய்வரை முகம் ஒரு தாலம். தொண்டைக்குழியிலிருந்து மார்புவரை ஒன்று, மார்பிலிருந்து உந்திவரை ஒன்று, உந்தியிலிருந்து அடிவயிற்றின் முடிவுவரை ஒன்று. தொடை இரண்டு. முழங்காலுக்குக் கீழே கால் இரண்டு. ஆக எட்டு. மிச்சமுள்ள ஒரு தாலத்தை நாலாய்ப் பிரித்துத் தலையுச்சிக்கு மூன்று அங்குலம், கழுத்துக்கு மூன்று, முழங்காலுக்கு மூன்று, பாதத்துக்கு மூன்று. கூட்டிப் பார்த்தால் சரியாக 108. உடம்பின் நடு உடற்பகுதி முடிகிற இடத்தில் விழும். மேலே 54, கீழே 54.

சிவனுக்கும் திருமாலுக்கும் இதைவிடப் பெரிய கணக்கு: உத்தம தச தாலம், 124 அங்குலம். அதில் முகம் பதின்மூன்றரை, மார்பு, வயிறு, அடிவயிறு ஒவ்வொன்றும் பதின்மூன்றரை, தொடை 27, கால் 27. அம்மன் சிலைகளுக்கு மத்திம தச தாலம், 120. பிள்ளையாருக்கு ஐந்து தாலம். நூலுக்கு நூல் சிறு மாறுதல் இருக்கும். ஆனால் எல்லா நூலிலும் அடிப்படை ஒன்றே: உடம்பை அளக்கும் கோல் அந்த உடம்பிலிருந்தே பிறக்க வேண்டும். ஒரு சாண் விக்கிரகமானாலும், கணபதி ஸ்தபதி கன்னியாகுமரியில் எழுப்பிய வள்ளுவர் ஆனாலும் இந்த முறையில் அளவு பிசகாது. 38 அடிப் பீடத்தின் மேல் நிற்கும் அந்த 95 அடிச் சிலையைப் படகிலிருந்து அண்ணாந்து பார்க்கும்போது கனம் தெரியாமல் ஒரு மனிதர் நிற்பதாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

என் உடம்பில் ஓலை சொன்னது வேறு. தொடை இரண்டு தாலத்துக்குக் குறைவாக இருந்தது. அந்தக் குறை உடற்பகுதியில் நீளமாக ஏறியிருந்தது. முகம் மட்டும் சரியாக விழுந்தது. எனக்கு முகம் வாடிவிட்டது போல. பெரியவர் ஓலையை மடித்துக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இது எலும்பு தம்பி. ஆண்டவன் போட்ட கணக்கு, அதுல நீ கை வைக்க முடியாது. சதை உன் கணக்கு."

அதற்குப் பிறகு எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன். உடற்பயிற்சியைப் பற்றி இந்த இரண்டு வரிக்கு மேல் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நீளம் பிறப்பில் வருவது. தோள் எலும்பின் அகலம், இடுப்பெலும்பின் அகலம், தசை எலும்பில் ஒட்டும் இடம் எதையும் மாற்ற முடியாது. சுற்றளவை மட்டும் மாற்றலாம். அப்படியென்றால் உடம்பேற்றுபவனின் வேலை என்ன? தனக்குக் கிடைத்த நீளங்களின் மேல் சதையை எங்கே வைப்பது, எங்கே வைக்காமல் விடுவது என்று தீர்மானிப்பது. சிற்பியின் வேலையும் அதுவே.

மாஸ்டரிடம் போய் ஓலைக் கதையைச் சொன்னேன். அவர் உடனே என் பயிற்சியை மாற்றினார். உடற்பகுதி நீளமானதால் இடுப்பு தடித்துவிட்டால் நான் மரப்பீப்பாய் ஆகிவிடுவேன் என்று டம்பலைப் பிடித்துப் பக்கவாட்டில் சாயும் பயிற்சியை அடியோடு நிறுத்தினார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள சதையைத் தனியாக ஏற்ற வேண்டாம், அது ஏறினால் தோள் சரிந்து குறுகித் தெரியும் என்றார். பக்கவாட்டுத் தோளுக்கும் முதுகின் விரிவுக்கும் கூடுதல் செட். தொடையில் வெளிப்புற வளைவு. ஒரே கூடத்தில் ஒரே பாரத்தைத் தூக்கினாலும் எனக்கும் சுவாமிமலைக்காரனுக்கும் அவர் எழுதிய அட்டவணை வேறு வேறாக இருந்தது.

கையில் காசு சேர்ந்தபோது மூன்று பேராக ரயிலேறித் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போனோம். அனுப்பியவர் மாஸ்டர். "போஸ் கொடுக்கிறதுன்னா என்னன்னு அங்க போய்ப் பாருங்க" என்றார். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் அங்கே நிற்கிறார். ராஜராஜன் காலம், 1011. வாகனமான காளை இன்று இல்லை; காளையின் மேல் சாய்த்திருந்த கை மட்டும் அந்தரத்தில் அப்படியே இருக்கிறது. சடையைத் தலைப்பாகையாகச் சுற்றியிருக்கிறார். ஒரு காலில் பாரம், மற்ற கால் குறுக்கே மாற்றிவைத்து ஓய்வாக. பாரம் ஏறிய பக்கம் இடுப்பு சற்று வெளியே தள்ள, அதற்கு ஈடாகத் தோள் சரிய, தலை மறுபடி திரும்ப, உச்சியிலிருந்து பாதம்வரை ஓர் ஒழுங்கான வளைவு ஓடுகிறது. சுற்றி வந்து முதுகைப் பார்த்தேன். முதுகெலும்பின் பள்ளம் இடுப்பை நோக்கி இறங்கும் விதத்தை இன்றும் கண்ணை மூடினால் பார்க்க முடியும்.

அதில் ஒரு தசைநார் கிடையாது. வயிற்றில் கட்டம் இல்லை, கையில் நரம்பு இல்லை. ஆனாலும் பலமில்லாத உடம்பு என்று யாரும் சொல்ல முடியாது. நம் சிற்ப மரபு உடற்பகுதியை எலும்பும் தசையுமாகப் பார்ப்பதில்லை. பசுவின் முகத்தைப்போல மேலே அகன்று கீழே குவிய வேண்டும், தோளும் கையும் யானைத் துதிக்கையாக இறங்க வேண்டும் என்று உருவத்தை முழுசாக எடுத்துக்கொள்கிறது. அபனீந்திரநாத் தாகூர் 1914இல் இந்திய உருவ அமைப்பு பற்றி எழுதிய சிறு நூலில் இந்த ஒப்புமைகளையெல்லாம் கோட்டோவியத்தோடு விளக்கியிருக்கிறார். உள்ளே மூச்சு நிறைந்து தோல் இழுபட்டு நிற்கும் உடம்பு அது. தசையைத் தனித்தனியாகக் காட்டுவதற்கு அங்கே இடமில்லை.

கிரேக்க வழி வேறு. அதைக் கண்ணால் பார்க்க எனக்குப் பல வருஷம் ஆனது. படிப்பு முடிந்து சரக்குக் கப்பலில் என்ஜின் ரூம் வேலைக்குச் சேர்ந்தேன். இத்தாலியில் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது கரையிறங்கி, வழி கேட்டு, தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குப் போனேன். மாஸ்டர் சொல்லிச் சொல்லிப் பெயர் மட்டும் தெரிந்திருந்த இரண்டு சிலைகள் அங்கேதான் இருந்தன.

முதலாவது ஈட்டி தாங்கியவன். டோரிஃபோரஸ் என்பார்கள். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் போலிக்ளீட்டஸ் வெண்கலத்தில் செய்தது. அது அழிந்துவிட்டது, இருப்பது பாம்பெயி நகரின் இடிபாடுகளில் கிடைத்த பளிங்கு நகல். அதைக் கண்டெடுத்த இடம் ஒரு பழைய உடற்பயிற்சி மைதானம் என்பதைப் படித்ததும் எனக்குச் சிலிர்த்தது. எங்கள் குடோன் சுவரில் ரீவ்ஸ் மாட்டியிருந்த அதே காரணத்துக்காக, இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் ஒரு ஊர்ப் பையன்கள் அந்தச் சிலையைப் பார்த்துக்கொண்டே பயிற்சி செய்திருக்கிறார்கள். வலக்காலில் பாரம், இடக்குதிகால் தரையை விட்டு எழுந்திருக்கிறது. ஒரு பக்கம் இடுப்பு ஏற, அந்தப் பக்கத் தோள் இறங்குகிறது. ரிஷபவாகனரிடம் கண்ட அதே கணக்கு. இங்கே வளைவு குறைவு, தசை தெளிவு.

போலிக்ளீட்டஸ் தன் விதிகளை "கேனன்" என்று ஒரு நூலாகவே எழுதினார். நூல் கிடைக்கவில்லை. பல நூற்றாண்டு கழித்துக் காலன் என்ற கிரேக்க மருத்துவர் அதன் சாரத்தைக் குறிப்பிட்டிருக்கிறார்: விரலுக்கு விரல் என்ன விகிதம், விரல்களெல்லாம் சேர்ந்து உள்ளங்கைக்கு என்ன விகிதம், உள்ளங்கை முன்கைக்கு, முன்கை மேற்கைக்கு என்று ஒவ்வொன்றும் இன்னொன்றோடு கொள்ளும் உறவில்தான் அழகு இருக்கிறது என்பது. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் முகம் உயரத்தில் பத்தில் ஒன்று, தலை எட்டில் ஒன்று, பாதம் ஆறில் ஒன்று என்று எழுதிவைத்தார். விரித்த கைகளின் அகலமும் உயரமும் சமம் என்றார். லியனார்டோ வட்டத்துக்குள் வரைந்த மனிதன் அந்தக் கணக்கின் படம்தான். இதே கைவிரிப்பு விதி மகாபுருஷனின் 32 லட்சணங்களில் ஒன்றாகப் பௌத்த நூல்களிலும் இருக்கிறது. ஆலமரத்தின் உயரமும் பரப்பும் சமமாக இருப்பதை அதற்கு உவமையாகச் சொல்வார்கள். வால்மீகியின் சுந்தர காண்டத்தில் அனுமன் தான் ராமனின் தூதன்தான் என்று சீதைக்கு நிரூபிக்க என்ன செய்கிறார்? ராமனின் உடம்பில் உறுதியானவை எத்தனை, நீண்டவை எத்தனை, சமமானவை எத்தனை என்று எண்ணிக்கையோடு சொல்கிறார். எங்கள் கூடத்து ஆஞ்சநேயர் அந்த வகையில் எங்களுக்கெல்லாம் மூத்த நடுவர்.

இரண்டாவது சிலை ஃபார்னீஸ் ஹெர்குலிஸ். அந்த அறைக்குள் நுழைந்ததும் எனக்கு மூச்சு நின்றது. பத்தடிக்கு மேல் உயரம். தண்டத்தின் மேல் சாய்ந்து, களைத்துப்போய்த் தலை குனிந்து நிற்கிறார். லிசிப்பஸ் செய்த வெண்கலத்தைப் பார்த்து கிளைகோன் என்ற சிற்பி பளிங்கில் செதுக்கியது. போலிக்ளீட்டஸை விடச் சின்னத் தலை வைப்பது லிசிப்பஸின் வழக்கம். தலை சிறுத்தால் உடம்பு பெரிதாகத் தெரியும். இங்கே தசை மேல் தசை. மார்பு, தோள், விலாவின் ஓரத்துச் சதை எல்லாம் புடைத்து நிற்கின்றன. பதினாறாம் நூற்றாண்டில் ரோமில் கராகல்லா குளியல் மாளிகையின் இடிபாட்டில் கிடைத்தபோது இதற்குக் கால்கள் இல்லை. டெல்லா போர்ட்டா என்ற சிற்பி புதுக்கால்கள் செய்து பொருத்தினார். பிறகு பழைய கால்கள் கிடைத்துங்கூட 1787இல்தான் அவற்றைச் சிலையோடு சேர்த்தார்கள். அத்தனை காலம் வேறொருவர் செய்த காலில் அந்த உடம்பு நின்றிருக்கிறது.

இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு அன்று சாயங்காலம்வரை அங்கேயே இருந்தேன். பெருத்த உடம்பின் மீதான மோகம் நம் காலத்தில் புதிதாக வந்தது என்று அதுவரை நினைத்திருந்தேன். அப்படியில்லை. கிரேக்கர்களிடமே இரண்டும் இருந்தன. நம்மிடமும்தான். தஞ்சைப் பெரிய கோயிலின் துவாரபாலகர்களைப் பாருங்கள்: தூண் போன்ற தொடை, கையில் கதை, வருகிறவனை ஒரு கணம் நிறுத்தும் பருமன். அவர்களுக்கு வாசலில் இடம் கொடுத்த சிற்பி, உலா வரும் மூர்த்தியை 124 அங்குலக் கணக்கில் மெலிந்த இடையோடு செய்தான். பருமனுக்கு ஒரு வேலை உண்டு, பயமுறுத்துவது. அதை அளவோடு கூடிய அழகென்று எந்த மரபும் குழப்பிக்கொள்ளவில்லை என்பதே என் முடிவு.

நவீன பாடி பில்டிங்கைத் தொடங்கிவைத்தவரும் குழப்பிக்கொள்ளவில்லை. யூஜின் சாண்டோ பிரஷ்யாவில் 1867இல் பிறந்தவர். சிறுவயதில் அப்பாவோடு இத்தாலி போய்ப் பழைய சிலைகளைப் பார்த்ததுதான் தனக்குத் தூண்டுதல் என்று அவரே சொல்லிவந்தார். 1901 செப்டம்பர் 14 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவர் நடத்திய போட்டியில் அவரோடு நடுவராக உட்கார்ந்தவர்கள் இருவர்: ஒருவர் சார்லஸ் லாஸ் என்ற சிற்பி, இன்னொருவர் ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய கானன் டாயில். உடற்கட்டுப் போட்டிக்கு ஒரு சிற்பியை நடுவராக அழைத்தார்கள் என்பதை நம் சங்கங்கள் கவனிக்க வேண்டும். தசையின் பருமனை மட்டும் பார்த்து அங்கே பரிசு கொடுக்கவில்லை. அங்கங்களின் பொருத்தத்தையும் பார்த்தார்கள். மிஸ்டர் ஒலிம்பியா பட்டத்துக்கு 1977 முதல் கொடுத்துவரும் விருதும் அவருடைய உருவச் சிலைதான். அந்த வருஷம் அதை வாங்கியவர் ஃப்ராங்க் ஜேன். 1979வரை மூன்று முறை வென்றார். அவரைவிடக் கனத்தவர்கள் பக்கத்தில் நின்றபோதும் நடுவர்களின் கண் அவர் இடையிலும் தோளிலும் நின்றது.

சாண்டோ 1904, 1905இல் இந்தியாவுக்கு வந்துபோனார். அவர் விட்டுச் சென்ற ஆர்வத்தை நம்மவர்கள் தங்கள் வழியில் எடுத்துக்கொண்டார்கள். பெங்களூரில் வியாயாமசாலை நடத்திய கே. வி. ஐயர் பார்பெல்லோடு சூரிய நமஸ்காரத்தையும் ஹட யோகத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார். அவர் உடம்பின் பழைய புகைப்படங்கள் கிரேக்கச் சிலையைப் பார்த்து எடுத்தவை என்று பார்த்ததுமே தெரியும். வங்காளத்திலிருந்து மனோதோஷ் ராய் 1951இலும், மனோகர் ஐச் 1952இலும் மிஸ்டர் யுனிவர்ஸில் தங்கள் பிரிவில் வென்றார்கள். மனோகர் ஐச்சின் உயரம் நாலடி பதினோரு அங்குலம். நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார். குள்ளமாயிருக்கிறோம் என்று கூடத்தின் மூலையில் ஒதுங்கி நிற்கும் பையன்களுக்கு நான் அவர் படத்தைத்தான் காட்டுவேன். தேகாங்குலத்தில் அளந்தால் அவர் யாருக்கும் குறைந்தவரில்லை.

ரீவ்ஸ் பிற்காலத்தில் எழுதிய புத்தகம் ஒன்றைக் கப்பலில் இருந்தபோது வாங்கிப் படித்தேன். அதில் அவர் தரும் கணக்கு என்னைச் சுவாமிமலைப் பட்டறைக்கே கொண்டுபோய்விட்டது. மணிக்கட்டின் சுற்றளவில் 252 சதவீதம் புயம். கணுக்காலில் 192 சதவீதம் கெண்டைக்கால். முழங்காலில் 175 சதவீதம் தொடை. இடுப்பெலும்பின் சுற்றளவில் 148 சதவீதம் மார்பு, 86 சதவீதம் இடை. தலையில் 79 சதவீதம் கழுத்து. மணிக்கட்டு, கணுக்கால், முழங்கால் எல்லாம் சதை அதிகம் ஏறாத, எலும்பு வெளியே தெரியும் இடங்கள். எலும்பைக் கோலாக வைத்துச் சதையை அளக்கிறார். மணிக்கட்டு ஆறரை அங்குலமுள்ள பையனுக்குப் புயம் பதினாறு அங்குலமும் கொஞ்சமும் போதும். அவனுக்குக் கணுக்கால் எட்டரை என்றால் கெண்டைக்காலும் அதே பதினாறும் கொஞ்சமும். மாஸ்டர் சொன்ன "மூணும் ஒண்ணா வரணும்" இங்கே தானாக வந்து நிற்கிறது. இருபது அங்குலக் கை வேண்டுமென்று அந்தப் பையன் ஏங்குவது தன் எலும்பில் இல்லாத கணக்குக்கு ஏங்குவது.

கப்பல் வேலையை விட்டு ஊரோடு வந்த பிறகு மாவட்ட ஆணழகன் போட்டிகளுக்கு நடுவராகக் கூப்பிடுகிறார்கள். கோயில் திருவிழாப் பந்தலிலும் கல்யாண மண்டபத்திலும் நடக்கும் போட்டிகள். முதல் சுற்றில் பையன்கள் இயல்பாக நின்று நாலு பக்கமும் திரும்ப வேண்டும். சதையை முறுக்காமல் நிற்கும் அந்த நேரத்தில்தான் அமைப்பு தெரியும். ஆனால் அதை அவசர அவசரமாக ஓட்டிவிட்டுக் கைமுறுக்கும் போஸுக்குப் போய்விடுகிறார்கள். கூட்டம் கத்துவது அதற்குத்தான். மேடையில் நிற்கும் பத்துப் பேரில் ஏழு பேருக்குக் கை இருக்கிறது, கால் இல்லை. தோளுக்கு நடுவே சதை மேடிட்டுக் கழுத்தே காணாமல் போயிருக்கிறது. தொண்ணூறுகளில் டோரியன் யேட்ஸ் போன்றவர்கள் உலக மேடையில் கொண்டுவந்த பருமன் நம் தெருவரை வந்துவிட்டது; அவர்கள் காலுக்குச் செய்த உழைப்பு மட்டும் வரவில்லை.

ஊசி வந்துவிட்டது. மறைத்துப் பேச வேண்டிய விஷயம் இல்லை. இருபது வயதுப் பையன் என்னிடம் வந்து, "சார், எந்த ஊசி போட்டா கை ஏறும்?" என்று அவன் அம்மாவை வெளியே நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கிறான். ஸ்டீராய்டு வெளியிலிருந்து ஏறினால் உடம்பு தன் சொந்த ஹார்மோன் சுரப்பை நிறுத்திக்கொள்கிறது. இதயத்தின் சுவர் தடிக்கிறது, கொழுப்புக் கணக்கு கெடுகிறது, ஈரல் பாதிக்கப்படுகிறது. அதைச் சொன்னேன். காது கொடுக்கவில்லை. அவன் மணிக்கட்டையும் கணுக்காலையும் டேப்பில் அளந்து, அவனுக்கு வேண்டிய அளவுகளை ஒரு தாளில் எழுதிக் காட்டியபோதுதான் நிமிர்ந்து பார்த்தான். அவன் கை ஏற்கெனவே கணக்குக்கு முக்கால் அங்குலம்தான் குறைவு. கெண்டைக்கால் மூன்று அங்குலம் குறைவு. "அப்ப நான் காலுக்குத்தான் சார் செய்யணும்" என்றான். அம்மாவை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, சாப்பாட்டில் என்ன சேர்க்க வேண்டுமென்று அவரிடமே சொல்லி அனுப்பினேன். இப்போதும் பயிற்சிக்கு வருகிறான்.

உலக மேடையிலும் மனம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. 2016இல் மிஸ்டர் ஒலிம்பியாவில் கிளாசிக் ஃபிசிக் என்ற பிரிவைச் சேர்த்தார்கள். இன்ன உயரத்துக்கு இன்ன எடைக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அதன் விதி. உயரத்திலிருந்து மற்ற அளவைப் பெறும் தாலக் கணக்கின் தூரத்து உறவு அது. கனடாவின் கிறிஸ் பம்ஸ்டெட் 2019 முதல் 2024வரை ஆறு முறை அதில் வென்றார். இன்றைய பையன்களின் போனில் இருப்பது அவர் படம். இடை ஒடுங்கி, தோள் விரிந்து, வயிற்றை உள்ளிழுத்துக் கை இரண்டையும் தலைக்குமேல் உயர்த்தி நிற்பார். ஜேன் நின்ற அதே நிலை.

நம் மாவட்டச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் சுற்றை ஓட்டாதீர்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவர் கண் பாதத்திலிருந்து உச்சிவரை ஏறி இறங்கும் நேரம் கொடுங்கள். முழங்காலுக்குக் கீழே மறைக்கும் உடையோடு யாரையும் மேடையேற்றாதீர்கள். சிறந்த தசைக்குக் கோப்பை கொடுப்பதுபோல் சிறந்த அங்கப் பொருத்தத்துக்கும் ஒன்று கொடுங்கள். சுவாமிமலையிலும் மாமல்லபுரத்திலும் அளவு தெரிந்த ஸ்தபதிகள் இன்றும் இருக்கிறார்கள். நடுவர் மேசையில் ஒரு நாற்காலியை அவர்களுக்குப் போடுங்கள்.